பழைய கார்ப் படங்களுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்: எதை இறக்குவது, எதை நம்புவது

1900 முதல் 1930 வரையிலான கார்களின் நல்ல படம் வேண்டுமென்றால் முதலில் போக வேண்டிய இடம், அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத்தில் வைத்திருக்கும் புகைப்படப் பட்டியல். கணக்குத் தொடங்கத் தேவையில்லை, காசு கிடையாது, படத்தின் குறுக்கே வாட்டர்மார்க் கிடையாது. இதே படங்களைத்தான் பல விற்பனைத் தளங்கள் பழுப்பு நிறம் ஏற்றி, ஓரங்களை வெட்டி, விலைக்கு விற்கின்றன. குறை இரண்டு: தேடல் வசதி சுமார், படக்குறிப்புகளை அப்படியே நம்ப முடியாது. இரண்டையும் சமாளிக்கத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் லாபம்தான்.

கார் விரும்பிகளுக்கு மூன்று தொகுப்புகள் முக்கியம். முதலாவது பெய்ன் தொகுப்பு. ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் 1898இல் நியூயார்க்கில் தொடங்கிய செய்திப்பட நிறுவனத்தின் சரக்கு இது. 1948இல் நூலகம் வாங்கியது. சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்கள், பெரும்பாலும் 5×7 அங்குலமோ அதற்கும் சிறியவையோ. லாங் ஐலண்டில் நடந்த வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயங்கள் இங்கே இருக்கின்றன. 1908 பிப்ரவரி 12 அன்று டைம்ஸ் சதுக்கத்தில் கிளம்பிய நியூயார்க்–பாரிஸ் பந்தயமும் இருக்கிறது. கிளம்பிய ஆறு கார்களில் வென்றது அமெரிக்காவின் தாமஸ் ஃப்ளையர்; ஜூலை 30 அன்று பாரிஸ் சேர்ந்தது. பனியும் சேறும் ஏறிய சக்கரங்கள், காரின் பக்கவாட்டில் கட்டிய கயிறும் மண்வெட்டியும் என, அந்தப் பயணத்துக்கு என்ன தேவைப்பட்டது என்பதைப் படத்தைப் பெரிதாக்கினாலே புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி. அஞ்சலட்டைக்காக எடுத்த படங்கள் என்பதால் பரபரப்பு இல்லை. ஆனால் பல நெகட்டிவ்கள் 8×10 அங்குலம், நுணுக்கம் அபாரம். டெட்ராய்ட் நகரின் வுட்வார்ட் அவென்யூவைப் பாருங்கள்: குதிரை வண்டி, டிராம், கார் மூன்றும் ஒரே தெருவில். பெரிதாக்கினால் கடைப் பலகையின் சின்ன எழுத்துகூடத் தெரியும். தெருவில் கார் எப்படி மெல்ல மெல்ல இடம் பிடித்தது என்று பார்க்க இதைவிட நல்ல தொகுப்பு இல்லை என்பது என் கருத்து.

மூன்றாவது, வாஷிங்டனில் ஹெர்பர்ட் ஃப்ரெஞ்ச் நடத்திய நேஷனல் போட்டோ கம்பெனி. 1920களின் பெட்ரோல் பங்க், ஷோரூம், நசுங்கிய கார்கள், சுற்றி நிற்கும் கூட்டம் என்று அன்றாட மோட்டார் வாழ்க்கை முழுக்க இங்கேதான். பந்தயப் படம் தேடுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், போகாதீர்கள்.

இனி கோப்புகளுக்கு வருவோம். ஒவ்வொரு படத்துக்கும் பொதுவாகச் சிறிய ஜேபெக், பெரிய ஜேபெக், நுணுக்கம் குறையாத பெரிய கோப்பான டிஃப் என்று தருகிறார்கள். திரையில் பார்க்க ஜேபெக் போதும். அச்சிடவோ எண் பலகையைப் படிக்கவோ டிஃப்தான் வேண்டும். ஜேபெக்கில் அழுத்தத்தால் மெல்லிய ஆரக்கம்பிகளின் ஓரம் பிசிறுகிறது. டிஃப் கோப்பின் அளவைப் பார்த்துவிட்டு இறக்குங்கள், மொபைல் டேட்டா கரையும். அச்சுக் கணக்கு எளிது: நீளப் பக்கத்தில் 3,000 பிக்சல் இருந்தால், அங்குலத்துக்கு 300 வீதம் 10 அங்குலப் பிரிண்ட் சுத்தமாக வரும். 200 வரை இறங்கலாம், 15 அங்குலம் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் ஆரக்கம்பிகள்தான் முதலில் குழையும்.

டிஃப்பைத் திறந்ததும் படம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அது பழுதல்ல, நெகட்டிவில் உள்ள எல்லாச் சாயல்களையும் காப்பாற்றத்தான் அப்படி ஸ்கேன் செய்கிறார்கள். படத்திருத்த மென்பொருளின் லெவல்ஸ் வசதியில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் அங்கே தெரியும் வரைபடம் தொடங்கும் இடம்வரை இழுத்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் பித்தளை விளக்குகளின் மினுமினுப்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கறை எடுப்பதற்கு முன் அதன் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளைப் புள்ளி என்றால் ஸ்கேன் செய்யும்போது நெகட்டிவ் மேல் இருந்த தூசி. கறுப்புப் புள்ளியோ கீறலோ என்றால் நெகட்டிவிலேயே பூச்சு போன இடம், அல்லது படமெடுக்கும்போது கண்ணாடித் தட்டில் ஒட்டியிருந்த தூசி. வெள்ளையைத் தயங்காமல் எடுக்கலாம். கறுப்பை எடுக்குமுன் அது ஒரு போல்ட்டோ ரிவெட்டோ இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பந்தயப் படங்களில் சக்கரம் முட்டை வடிவில் முன்சாய்ந்திருந்தால் அதைத் திருத்த முயல வேண்டாம். அன்றைய பத்திரிகைக் கேமராக்களின் ஷட்டரில் ஒரு மெல்லிய பிளவு தட்டின் குறுக்கே மேலிருந்து கீழாக இறங்கும். பிம்பம் தலைகீழாக விழுவதால் சக்கரத்தின் அடிப்பகுதி முதலில் பதிவாகும். மேற்பகுதி பதிவாவதற்குள் கார் சற்று முன்னே போயிருக்கும். அந்தச் சாய்வுதான் வேகத்தின் சாட்சி.

நிறத்தையும் ஊகிக்கக் கூடாது. அந்தக் காலத் தட்டுகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை உணராதவை, நீலத்தை மிகையாக உணர்பவை. அதனால் பந்தயக் கார்களின் இத்தாலியச் சிவப்பு கறுப்பாகவும் பிரெஞ்சு நீலம் வெளிறியும் தெரியும். கணினி வண்ணம் பூசித் தரும் செயலிகள் இங்கே தவறாமல் சறுக்குகின்றன.

படக்குறிப்புதான் இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. பெய்ன் படங்களின் தலைப்பு, நிறுவனத்தார் நெகட்டிவ் மீதே கிறுக்கியது. பல படங்களில் ஒரு குடும்பப் பெயர் மட்டும் இருக்கும், எழுத்துப்பிழையோடு. தேதி தெரியாத ஏராளமான படங்களுக்கு ‘சுமார் 1910க்கும் சுமார் 1915க்கும் இடையே’ என்ற ஒரே வரியைப் போட்டிருக்கிறார்கள். ஆண்டைக் காரிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் கதவே இல்லையென்றால் பெரும்பாலும் 1911க்கு முந்தைய உடல். கார்பைட் வாயு விளக்கும், ஃபுட்போர்டில் உருளை வடிவ வாயுக் கலனும் இருந்தால் மின்விளக்கு பரவுவதற்கு முந்தைய கார். மின்சார ஸ்டார்ட்டரை கேடிலாக் 1912 மாடலில் கொண்டுவந்தது. ஆனால் ரேடியேட்டருக்குக் கீழே கைப்பிடி தொங்குவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், பிறகும் பல ஆண்டுகள் அது இருந்தது. ஃபோர்டு மாடல் டி என்றால் வேலை சுலபம்: பித்தளை ரேடியேட்டர் 1916 மாடல் வரை, கறுப்பு ரேடியேட்டர் 1917 முதல். நியூயார்க் மாநிலம் எண் பலகையைத் தானே கொடுக்கத் தொடங்கியது 1910இல். அதற்கு முன் உரிமையாளரே செய்துகொண்டார். தோல் பட்டையில் உலோக எண்களைக் கண்டால் அந்தக் காலம் என்று கொள்ளலாம்.

இவையெல்லாம் காரின் வயதைத்தான் காட்டும், படமெடுத்த ஆண்டையல்ல. 1908 மாடல் கார் 1914இல் தெருவில் ஓடியிருக்கலாம். எனவே படத்தில் உள்ளவற்றிலேயே மிகப் புதிய காரைத் தேடி, அதை வைத்தே ஆண்டைக் கட்டுங்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவெடுப்பவர்கள், ஸ்கேன் இடவலம் மாறியிருக்கிறதா என்பதை முதலில் சோதியுங்கள். அக்காலத்தில் வலப்பக்க ஸ்டியரிங் அமெரிக்கக் கார்களிலும் சகஜம் என்பதால் மாறியது கண்ணுக்கு உறுத்தாது. கடைப் பலகை, எண் பலகை, இரண்டும் இல்லையென்றால் ஆண்களின் கோட்டுப் பொத்தான் (அணிந்தவரின் வலப்பக்கம் இருக்க வேண்டும்) கைகொடுக்கும்.

தேடலில் ‘கார்’ என்று போட்டால் ரயில் பெட்டிகளும் டிராம்களும் கொட்டும். ஆங்கிலத்தில் ‘ஆட்டோ’, ‘ஆட்டோமொபைல்’, ‘மோட்டார் கார்’ மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். பந்தயத்துக்கு ஓட்டுநரின் குடும்பப் பெயரை மட்டும் போடுவது பலன் தரும். முதலில் தொகுப்பைத் தேர்ந்துகொண்டு அதற்குள் தேடுவது நல்லது. ஒரு நல்ல படம் சிக்கினால் அதன் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் திறந்து பாருங்கள். ஒரே நிகழ்ச்சியின் படங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும், தலைப்பில் கார் என்ற சொல்லே இல்லாமல். 2008 முதல் ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்திலும் பெய்ன் படங்களைப் போடுகிறார்கள். அங்கே வாசகர்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி ஆளையும் இடத்தையும் கண்டுபிடித்து எழுதுகிறார்கள், நூலகமும் சரிபார்த்துப் பட்டியலைத் திருத்துகிறது. பட்டியலைவிடக் கருத்துரைகளில் அதிகத் தகவல் கிடைக்கும் படங்கள் உண்டு.

உரிமை விஷயம்: இந்த மூன்று தொகுப்புகளின் படங்களில் பொதுவாக ‘வெளியிட அறியப்பட்ட தடை எதுவும் இல்லை’ என்ற குறிப்பு இருக்கும். அது உத்தரவாதமல்ல, நூலகத்துக்குத் தெரிந்த நிலை மட்டும், பொறுப்பு பயன்படுத்துபவருடையது. வேறு சில தொகுப்புகளில் நூலகத்துக்கு வெளியே சிறு படம் மட்டுமே திறக்கும், காரணம் உரிமைச் சிக்கல். வெளியிடும்போது நூலகத்தின் பெயர், தொகுப்பின் பெயர், படத்தின் மறுபதிப்பு எண் மூன்றையும் போடுங்கள். அந்த எண் இருந்தால்தான் அடுத்தவர் அதே டிஃப்பைத் தேடிப் பிடித்து உங்கள் கணிப்பைச் சரிபார்க்க முடியும்.