வகுப்பறையில் விலங்கா, மாதிரியா?

உடற்கூறு வகுப்புக்கு விலங்கு கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதுவதா, செயற்கை உடல் மாதிரியே போதுமா என்று தயங்கும் ஆசிரியர்களுக்கு:

செலவு: விலங்கு ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வேண்டும். மாதிரி வாங்கிவிட்டால் பல ஆண்டுகள் ஓடும்.

அனுமதி: விலங்கென்றால் எத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள், மாற்றுவழி ஏன் போதாது என்று குழு கேட்கும். கேட்கத்தான் வேண்டும். விலங்குகளை ஆய்வில் பயன்படுத்துவது பற்றி 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிவியலாளர்கள் முன்வைத்த மூன்று கொள்கைகள்: மாற்று (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (எண்ணிக்கையைக் குறைப்பது), மேம்பாடு (வலியைக் குறைப்பது). இவற்றில் மாற்றுதான் முதலில் வருகிறது. மாதிரிக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

பயிற்சி: மாதிரியில் தவறினால் மறுபடி செய்யலாம். ஆனால் உயிருள்ள திசுவின் ரத்தக்கசிவை அது முழுதாகக் காட்டாது.

முதலாண்டு மாணவர்களுக்கு மாதிரியே சரி. கால்நடை அறுவை மருத்துவம் படிப்பவர்கள் முதலில் மாதிரியில் கை பழகட்டும். அப்புறம் மேற்பார்வையோடு, சிகிச்சை தேவைப்படும் விலங்குகளிடமே கற்கலாம்.