பிளாஸ்டிக் கதவு நிலையைச் சுற்றி எதை அடைப்பது: சீமெந்தா, ஃபோமா, சிலிக்கனா?

அட்டன், வட்டவளைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலகைக் கதவிலிருந்து பிளாஸ்டிக் கதவுக்கு மாறுவது நல்லதுதான். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் பலகை ஊறி உப்பிக்கொள்ளும், பிளாஸ்டிக் ஊறாது. ஆனால் தண்ணீர் உள்ளே வருவது பெரும்பாலும் நிலைக்கும் சுவருக்கும் இடையில் விடுகிற சந்தின் வழியாகத்தான்.

மேசன் பாஸ்மார் அந்தச் சந்தில் சீமெந்துச் சாந்தை அடித்துவிடுவார்கள். செலவு குறைவு, பார்க்கவும் கெட்டியாக இருக்கும். எங்கள் வீட்டு முன்கதவுக்கும் முதலில் அப்படித்தான் செய்தோம், வெயில் மாதங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஜூனில் காற்றோடு சாரல் அடித்த ஒரு ராத்திரி, இஸ்தோப்புப் பக்கம் நிலையின் இடது காலோரமாகத் தண்ணீர் கசிந்து உள்ளே போட்டிருந்த சாக்கு முழுக்க நனைந்துவிட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் பிளேடு மட்டும் நுழையக்கூடிய விரிசல், மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியிருந்தது. பிளாஸ்டிக் வெயிலுக்கு நீண்டு குளிருக்குச் சுருங்கும்; 2 மீட்டர் நிலைக்கு 20 பாகை வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். சுவரும் சாந்தும் அந்த அளவுக்கு அசையாது, அதனால் ஒட்டு விட்டுப்போகிறது.

ஃபோம் என்பது டின்னிலிருந்து அடித்தால் நுரைத்து வீங்கி இறுகுகிற பொருள். அது அந்த அசைவுக்கு ஈடுகொடுக்கும், குளிர்காற்றையும் தடுக்கும். 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி ராத்திரியைக் கழித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வெயில் நேரடியாகப் பட்டால் பழுப்பாகி உதிர்ந்துவிடும், மழையை அது மட்டும் தாங்காது. இன்னொன்று, அதிகமாக அடித்தால் வீங்கி நிலையையே உள்ளே வளைத்துவிடும், பிறகு கதவு பூட்டாது. கதவு, யன்னலுக்கென்றே வரும் குறைவாக வீங்கும் ஃபோமைக் கேட்டு வாங்குங்கள். நிலையின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே கம்புகளை முட்டுக்கொடுத்து, சந்தைத் தண்ணீரால் லேசாக நனைத்து, பாதியளவுக்கு மட்டும் அடித்தால் போதும். மிஞ்சியதை மறுநாள் வெட்டலாம்.

சிலிக்கன் வெயிலையும் மழையையும் தாங்கும், ஆனால் முழுச் சந்தையும் அதை வைத்தே நிரப்பினால் காசும் வீண், சரியாகக் காயவும் காயாது. அது வெளிப்பக்கத்து மேல்பூச்சு. வினாகிரி வாடை அடிக்கிற மலிவான ரகம் சீமெந்தில் நன்றாக ஒட்டாது, நியூட்ரல் என்று எழுதியதை எடுங்கள். சுவர் காய்ந்திருக்க வேண்டும், விடாமல் மழை பெய்கிற வாரத்தில் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அதனால் என் கணக்கில் உள்ளே ஃபோம், வெளியே நியூட்ரல் சிலிக்கன். சாந்து சுவரோடு நிற்கட்டும், நிலையைத் தொட வேண்டாம்.

அப்புறம் கீழ்ப்படி, அதாவது நிலையின் அடிக் குறுக்குச் சட்டம். பக்கங்களுக்கு அவ்வளவு பார்க்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், உண்மையில் இங்கேயும் நிறைய ஒழுகும். நிலையைத் தூக்கி வைப்பதற்கு முன்பே படி உட்காரும் இடத்தில் சிலிக்கனை நீளவாக்கில் இரண்டு மூன்று கோடாக இழுத்துவிட வேண்டும், வைத்த பிறகு அடியில் கை போகாது. வெளித்தரை வாசலிலிருந்து சரிந்து இறங்க வேண்டும். படியின் வெளிமுகத்தில் இருக்கும் சின்ன ஓட்டைகள் உள்ளே சேருகிற தண்ணீர் வெளியேறுவதற்கு, பாஸ் அதைப் பிழை என்று நினைத்துப் பூசி மூடிவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சிலிக்கன் நன்றாகக் காய்ந்ததும், மீதிக் கூலியைக் கொடுப்பதற்கு முன்னால், கதவைச் சாத்தி வெளியிலிருந்து இரண்டு வாளி தண்ணீரை வீசி அடித்து, உள்ளே பழைய பேப்பரை விரித்துப் பாருங்கள்.