டப்ளினில் ‘ஹோம்ஸ்டே’ பிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்

அயர்லாந்துக்கு மேற்படிப்புக்குப் போகிறவர்களும், அவர்களை அனுப்பிவைக்கிற பெற்றோர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். 2024 செப்டம்பரில் நான் இங்கு வந்து இறங்கிய முதல் ஐந்து வாரங்களில் நடந்தவை இவை. இடம் பிடித்துக் கொடுத்த கன்சல்டன்சியின் பெயரையும் நான் தங்கிய வீட்டாரின் பெயரையும் எழுதப்போவதில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். இதே ஏமாற்று வேறு பெயர்களிலும் நடக்கிறது என்று இங்குள்ள மாணவர்கள் சொல்லக் கேட்டது இன்னொரு காரணம்.

டப்ளினில் மாணவர்களுக்கு அறை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது இங்கு வரவிருக்கும் எல்லோரும் அறிந்ததே. கல்லூரி விடுதியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. சேர்க்கைக்கும் விசாவுக்கும் உதவிய அதே கன்சல்டன்சிதான், ‘பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புகிறீர்கள் சார், ஒரு குடும்பத்தோடு இருந்தால் உங்களுக்கும் நிம்மதி’ என்று அப்பாவிடம் பேச்சைத் தொடங்கியது. தனி அறை, காலையும் இரவும் உணவு, இணைய வசதி, கல்லூரிக்குப் பேருந்தில் நாற்பது நிமிடப் பயணம், மாதம் 850 யூரோ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார்கள். நான்கு படங்களும் வந்தன. அட்வான்ஸாக ஒரு மாத வாடகை மட்டும் போதும் என்றபோது, சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பழகிய என் வீட்டாருக்கு அது பெருந்தன்மையாகவே தெரிந்தது. அட்வான்ஸ் 850 யூரோ, முதல் மாத வாடகை 850 யூரோ, ஏற்பாட்டுக் கட்டணம் 28,000 ரூபாய் என அனைத்தையும் கன்சல்டன்சியின் வங்கிக் கணக்கிலேயே ரூபாயாகக் கட்டினோம். வீட்டுக்காரர்கள் இந்தியக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் வாங்குவதை விரும்புவதில்லை என்று அவர்கள் சொன்ன விளக்கத்தை நாங்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது முதல் தவறு.

வீட்டின் எயிர்கோடைக் கேட்காதது இரண்டாவது தவறு. அயர்லாந்தில் 2015 முதல் ஒவ்வொரு முகவரிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த, ஏழு இடங்கள் கொண்ட தனிக் குறியீடு இருக்கிறது; அதுதான் எயிர்கோடு. நம் ஊர் பின்கோடு ஒரு வட்டாரத்தைக் குறிக்கும். எயிர்கோடோ ஒரே ஒரு வீட்டைக் குறிக்கும். அதை வரைபடத்தில் இட்டால் வீட்டு வாசலே தெரிந்துவிடும். எனக்குத் தரப்பட்ட முகவரியில் தெருப் பெயரும், ‘டப்ளின் அருகில்’ என்ற சொற்களும் மட்டுமே இருந்தன. விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு வந்த குறியீடு ‘டபிள்யூ 91’ என்று தொடங்கியது. அது கில்டேர் மாவட்டத்தின் நேஸ் வட்டாரத்துக்குரியது என்பதும், நேஸ் நகரமே டப்ளினுக்குத் தென்மேற்கே 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது என்பதும் வந்து சேர்ந்த பின்னரே எனக்குத் தெரிந்தன. என் கல்லூரி இருப்பது டப்ளினின் வடக்கில். நகர மையத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கல்லூரிக்கு இன்னொன்று என மாறிப் போனால், எல்லாம் நேரத்துக்கு வந்தால்கூட, ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

இவற்றை எல்லாம் எப்படியோ சமாளித்திருப்பேன். நான் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரம்மா இயல்பாக, ‘இன்று எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்?’ என்று கேட்டார். எங்கே கிளம்ப வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. நான் விழிப்பதைக் கண்டு அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கால்வேயில் படிக்கும் அவருடைய மகள் வார இறுதிகளில் வீட்டுக்கு வருவாள் என்றும், நான் தங்கியிருப்பது அவளுடைய அறை என்றும், வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை அறையைக் காலி செய்து தர வேண்டும் என்றும் அவர் விளக்கினார். இங்கு மாணவர்கள் பிறர் வீட்டில் அறை எடுத்துத் தங்குவதை ‘டிக்ஸ்’ என்பார்கள். அதில் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் தங்குவதென்பது ஐரிஷ் மாணவர்களிடம் மிகச் சாதாரணமான ஏற்பாடு, ஏனென்றால் வார இறுதியில் அவர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். திருச்சியிலிருந்து வந்தவள் வெள்ளிக்கிழமைதோறும் எந்த ஊருக்குப் போவது? கேட்டால், ‘டப்ளினில் உன் உறவினர்கள் இருக்கிறார்கள், வார இறுதியில் அங்கு போய்விடுவாய் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்களே’ என்றார். எனக்கு அயர்லாந்தில் ஒரு உறவினர்கூடக் கிடையாது.

அன்று மாலை ஒரு சிறிய பையோடு நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். நகரத்தில் ஓர் இரவுக்கு ஓட்டல் அறை எடுக்க என் பத்து நாள் செலவுப் பணம் வேண்டியிருந்தது. இங்குள்ள தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நிலைமையை எழுதியதும், டப்ளின் புறநகரான பிளான்சர்ட்ஸ்டவுனில் நான்கு பேரோடு ஒரு வீட்டில் இருக்கும், முன்பின் பார்த்திராத ஓர் அக்கா, ‘முதலில் கிளம்பி வா, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று பதில் அனுப்பினார். அடுத்த நான்கு வார இறுதிகளையும் அவர்கள் வரவேற்பறைச் சோபாவில்தான் கழித்தேன். அம்மாவிடம் இதை மூன்று வாரங்கள் மறைத்தேன். காணொளி அழைப்பில் பின்னால் தெரியும் சுவர் ஏன் மாறுகிறது என்று அவரே கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

வாரநாள் வாழ்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்குள்ள பழைய வீடுகளில் சுடுநீர்த் தொட்டிக்குள் ‘இம்மர்ஷன்’ எனப்படும் மின்சூடேற்றி இருக்கும். அதை அணைக்க மறப்பது ஐரிஷ் குடும்பங்களில் பெருங்குற்றம் என்பதை அவர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாக இல்லை, ஏனென்றால் காலை ஏழு முதல் ஏழேகால் வரை மட்டுமே அதைப் போட அனுமதி. என்னைத் தவிர இன்னும் இரண்டு மாணவிகள் அந்த வீட்டில் இருந்தார்கள், அதையும் விளம்பரம் சொல்லவில்லை. இரவு உணவு மாலை ஐந்தரைக்கு. நான் வந்து சேர எட்டு மணி ஆகும் என்பதால் மூடிவைத்த தட்டை நுண்ணலை அடுப்பில் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். நான் சைவம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு, உருளைக்கிழங்கின் மேலும் கேரட்டின் மேலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்த குழம்பை ஊற்றி வைத்திருந்தார்கள். அடுப்பைத் தொடக் கூடாது என்பது வீட்டு விதி. இதில் அந்த அம்மாவைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை, மழை கொட்டிய ஓரிரவில் அவரே காரை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்து என்னை அழைத்துப்போனார். சைவம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் அவர் தரப்பில் ஒரு விஷயம் மன்னிக்க முடியாதது. இங்கு வந்தவுடன் பிபிஎஸ் எண் எனப்படும் அரசு அடையாள எண்ணை வாங்க வேண்டும். அது இல்லாமல் பகுதிநேர வேலைக்குப் போனால் சம்பளத்தில் 40 விழுக்காட்டை அவசர வரியாகப் பிடித்துவிடுவார்கள், பிறகுதான் திரும்பப் பெற முடியும். அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்க முகவரிச் சான்று தேவை. ‘இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்’ என்று இரண்டு வரி எழுதித் தரும்படி நான் கேட்டேன். மறுத்தார். வாடகையைப் பணமாகத்தான் தர வேண்டும், ரசீது கிடையாது என்றும் சொன்னார். காரணத்தை நானே ஊகித்துக்கொண்டேன்: சொந்த வீட்டில் அறை விடுகிறவர்களுக்கு இங்கு ஆண்டுக்கு 14,000 யூரோ வரை வருமான வரி கிடையாது, உணவுக்காக வாங்கும் தொகையும் அதில் சேரும், அந்த வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. மூன்று மாணவிகளிடம் மாதம் 600 வீதம் வாங்கினால் எட்டாவது மாதத்தில் 14,400 ஆகிவிடுகிறது.

இந்த 600 என்ற எண்ணை நான் அறிந்த விதம்தான் இந்தப் பதிவின் மையம். அக்டோபர் மாத வாடகையாக 850 யூரோவை அவர் கையில் கொடுத்தபோது, அவர் எண்ணிப் பார்த்துவிட்டு 250 யூரோவைத் திருப்பித் தந்தார். அவர் கேட்டிருந்தது மாதம் 600. அட்வான்ஸாகவும் அவருக்கு வந்தது 600தான். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் என்று தெளிவாக எழுதியிருந்த தன் விளம்பரத்தையும் கைப்பேசியில் காட்டினார். ஆக, கன்சல்டன்சி அந்த விளம்பரத்தை எடுத்து, வாரநாள் நிபந்தனையை நீக்கி, ஊரை மாற்றி, விலையை ஏற்றி எங்களிடம் விற்றிருக்கிறது. வாடகையில் 250, அட்வான்ஸில் 250 என மொத்தம் 500 யூரோவை நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறது. அப்போதைய மாற்று விலையில் அது 46,000 ரூபாய்க்கு மேல். 28,000 ரூபாய் கட்டணம் தனி. பணம் அவர்கள் கணக்கு வழியாகவே போக வேண்டும் என்று ஏன் வற்புறுத்தினார்கள் என்பது அந்த 250 யூரோவைக் கையில் வாங்கிய நிமிடத்தில் விளங்கியது.

முகவரிக் கடிதத்தை நான் இரண்டாம் முறை கேட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியேறிவிடும்படி வீட்டுக்காரம்மா சொன்னார். மூன்று நாள் அவகாசம். இங்கே நம்மில் பலருக்குத் தெரியாத சட்ட நிலை ஒன்று இருக்கிறது. தனி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஆறு மாதம்கூட நிறையாதவராக இருந்தாலும் அவரை வெளியேற்ற 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தகராறு என்றால் குடியிருப்பு வாடகை வாரியத்துக்குப் போகலாம். உரிமையாளர் வசிக்கும் வீட்டுக்குள்ளேயே அறை எடுத்திருப்பவரைச் சட்டம் வாடகைதாரராகக் கருதுவதில்லை. அவர் அனுமதி பெற்றுத் தங்கியிருப்பவர் மட்டுமே. நியாயமான அவகாசம் என்ற பொதுவான எதிர்பார்ப்பைத் தவிர அவருக்கு நாள் கணக்கு எதுவும் இல்லை, அந்த வாரியமும் அவர் புகாரை எடுக்காது. 1978 முதல் வீட்டுப் பிரச்சினைகளுக்கு இலவச ஆலோசனை தரும் த்ரெஷோல்ட் என்ற தொண்டு நிறுவனத்தை அழைத்துப் பேசியபோதுதான் இது எனக்குத் தெளிவாயிற்று. ‘குடும்பத்தோடு இருந்தால் பாதுகாப்பு’ என்று அப்பா நம்பிய ஏற்பாடு, சட்டத்தின் கண்ணில் மிகக் குறைந்த பாதுகாப்புள்ள ஏற்பாடு. அதனால்தான் இதில் எழுத்து ஒப்பந்தம் அவ்வளவு முக்கியமாகிறது: வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை நாள் முன்னறிவிப்பு, அட்வான்ஸை எப்போது திருப்புவார்கள், முகவரிக் கடிதம் தருவார்களா, அடுப்பைப் பயன்படுத்தலாமா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். கூடவே, பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரோடு நேரடியாக ஒரு காணொளி அழைப்பில் பேசிவிடுங்கள். அப்படிப் பேச இடைத்தரகர் இடம் கொடுக்காவிட்டால் அந்த வீடு வேண்டாம். பத்து நிமிடம் பேசியிருந்தால் என் கதையில் பாதி நடந்திருக்காது.

முகவரிச் சான்றுக்கும் வேறு வழி இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் தந்த கடிதத்தை வைத்தே பிபிஎஸ் எண்ணுக்கு விண்ணப்பித்தேன். வங்கிக் கணக்குக்கும் அவர்களே தனிக் கடிதம் தந்தார்கள். முதல் வாரத்திலேயே அவர்களிடம் போயிருக்கலாம்.

வீட்டுக்காரம்மாவிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டபோது, மெத்தையில் மசாலா வாடை ஏறிவிட்டதாகவும் அதைச் சுத்தம் செய்ய 250 யூரோ ஆகும் என்றும் பதில் வந்தது. அடுப்பையே தொடாதவளின் மெத்தையில் மசாலா வாடை எங்கிருந்து வந்தது என்று நான் வாதாடவில்லை. மாவட்ட நீதிமன்றத்தின் சிறு வழக்கு நடைமுறையில் 2,000 யூரோ வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமல் 25 யூரோ கட்டணத்தில் பதியலாம், உரிமையாளர் வசிக்கும் வீட்டின் அட்வான்ஸ் தகராறும் அதில் அடங்கும் என்று மட்டும் மின்னஞ்சலில் எழுதினேன். பத்து நாளில் 450 யூரோ வந்தது. மீதி 150-ஐ விட்டுவிட்டேன். அப்போது தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

கன்சல்டன்சியை விடவில்லை. 500 யூரோ வித்தியாசத்தைக் கேட்டபோது முதலில் ‘வங்கிக் கட்டணம்’ என்றார்கள், பிறகு ‘சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்றார்கள், அதன்பின் அப்பாவின் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கிருந்தாலும் புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. எனவே சென்னை நிறுவனத்தின் மேல் அப்பா திருச்சியிலேயே புகார் பதிந்திருக்கிறார். வாட்ஸ்அப் செய்திகளையும், வங்கிப் பரிமாற்ற விவரத்தையும், வீட்டுக்காரம்மாவின் அசல் விளம்பரத்தின் படத்தையும் இணைத்திருக்கிறோம். அந்தப் படத்தை எனக்கு அனுப்பி உதவியவர் வீட்டுக்காரம்மாதான். அவரும் தான் ஏமாற்றப்பட்டதாகவே நினைக்கிறார், அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

போன வாரம், அடுத்த பருவத்துக்கு வரவிருக்கும் ஒரு தம்பி, தனக்கு வந்த ஹோம்ஸ்டே படங்களை எங்கள் குழுவில் பகிர்ந்து கருத்துக் கேட்டிருந்தார். இரண்டாவது படத்தில் சன்னலோரம் மஞ்சள் நாற்காலியும், அதன்மேல் மடித்துவைத்த பச்சைப் போர்வையும் இருந்தன. நான் உட்கார்ந்து படித்த நாற்காலி அது. ‘டப்ளின், கல்லூரிக்கு நாற்பது நிமிடம்’ என்று கீழே எழுதியிருந்தது. விலை இப்போது 900 யூரோ.