8 கெஜம், 16 அவுன்ஸ்: மலைக்கும் மணவிழாவுக்கும் ஒரே கில்ட்

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் கடைக்குக் கடை கில்ட் தொங்கும். அந்நாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்னால் கொசுவம் வைத்த, முட்டி வரையான உடை அது. அக்ரிலிக் துணியில் மெஷின் தையல் போட்டவை அங்கே மலிவாகக் கிடைக்கும். அளவெடுத்து, கம்பளியில் கையால் தைத்துத் தருபவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். அதன் விலை பல மடங்கு. ஒன்றே ஒன்று வாங்கி, அதையே மலைநடைக்கும் கல்யாண வரவேற்புக்கும் கட்ட நினைப்பவர், 16 அவுன்ஸ் எடையுள்ள, வொர்ஸ்டெட் என்ற வழவழப்பான கம்பளியில் கையால் தைத்த 8 கெஜ கில்ட்டைத் தயங்காமல் வாங்கலாம். வெயில் காலமும் விடாத மழையும் மட்டும் அதற்கு ஒத்துவராது.

முதலில் துணி. ஆலைகள் டார்டன் எனும் கட்டம் போட்ட கம்பளித் துணியைச் சுமார் 54 முதல் 58 அங்குல அகலத்தில் நெய்கின்றன. அதில் 4 கெஜம் எடுத்து, நீளவாக்கில் இரண்டாக்கி இணைத்தால் 8 கெஜம் கிடைக்கும். அவுன்ஸ் கணக்கு முழு அகலத் துணியின் ஒரு கெஜத்துக்கு உரியது. ஆகவே 4 கெஜத்துக்கு 64 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1.8 கிலோ இடுப்பில் ஏறுகிறது. இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கிக் கட்டுவதால் நடக்கும்போது இந்தப் பாரம் உறுத்தாது. மலைமுகட்டுக் காற்றில் துணி பறக்காமல் இருப்பதும், நடைக்கு ஏற்ப பின்பக்கக் கொசுவம் அசைந்தாடுவதும் இந்த எடையால்தான். செல்கர்க் ஊரின் லாக்கரன் ஆலையில் ஸ்ட்ரோம் என்ற துணி 16 அவுன்ஸ், ப்ரேரியாக் 13, ரீவர் 10. வெப்ப நாட்டில் கட்டுவதற்கு 13 போதும். 10 அவுன்ஸ் துணியில் எட்டு கெஜமும் தைத்தாலும் உட்கார்ந்து எழுந்தவுடன் கொசுவம் கசங்கிவிடும். அந்தத் துணியைப் பெண்களின் பாவாடைக்கு விட்டுவிடலாம். அடி விளிம்பையும் பாருங்கள். நல்ல கில்ட்டில் நெய்த கரையே விளிம்பாக இருக்கும். மடித்துத் தைத்திருந்தால் கொசுவத்தின் அடி தடித்து, மடிப்பு படியாமல் நிற்கும்.

பணம் போகும் இடம் தையல். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏப்ரன் எனும் கொசுவமில்லாத முன்பகுதிகள் இரண்டு தட்டையாக விழ, மிச்சத் துணி முழுவதும் பின்பக்கம் இருபத்தைந்து, முப்பது கொசுவமாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு கொசுவமும் டார்டன் கட்டத்தின் ஒரு முழுச் சுற்றை விழுங்கிவிட்டு, வெளியே இரண்டு சென்டிமீட்டர் அளவே தலைகாட்டும். அதை எந்தக் கோட்டில் மடிப்பது என்பதில் இரண்டு முறை உண்டு. மடித்த பிறகும் கட்டம் குலையாமல் முன்பக்கம் போலவே தெரிவது ஒன்று. ஒரே கோடு எல்லாக் கொசுவத்திலும் திரும்பத் திரும்ப வருவது மற்றொன்று. ராணுவப் படைகள் இதைத்தான் பெரும்பாலும் கையாள்கின்றன. எதுவானாலும் குறுக்குக் கோடுகள் பின்பக்கம் முழுக்க ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒரு கொசுவத்தில் கோடு ஏறி அடுத்ததில் இறங்கினால் அவசரத் தையல் என்று அர்த்தம்.

இடுப்பிலிருந்து பிருஷ்டம் வரை கொசுவங்கள் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். அங்கே ஒவ்வொன்றும் இடுப்பை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். மெஷின் தையல் மலிவுச் சரக்கில் இந்தச் சரிவு இல்லாமல் நேராக இறங்கும். அதனால் இடுப்பில் தொளதொளப்பும் பிருஷ்டத்தில் இழுப்பும் வரும். உள்ளே கேன்வாஸ் துணி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கில்ட்டை இறுக்கிக் கட்டும் தோல் வார்களின் இழுவையைத் தாங்குவது அதுதான். அது இல்லாத கில்ட் சில வருடங்களில் பக்கிள் பக்கத்தில் தொய்ந்துபோகும். வார் வழக்கமாக மூன்று: இடுப்பில் பக்கத்துக்கு ஒன்று, வலப்புறம் கீழே ஒன்று. கீழ் வாரை இறுக்கக் கூடாது. இறுக்கினால் கொசுவம் வாய் பிளக்கும்.

அளவில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பேன்ட் அளவு இங்கே செல்லாது. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்பதால் பேன்ட் அளவைவிட இரண்டு, மூன்று அங்குலம் கூடுதலாக வரும். நிமிர்ந்து நேரே பார்த்தபடி நிற்க, இன்னொருவர் அளக்க வேண்டும். குனிந்து பார்த்தால் நீளம் மாறும். மண்டியிடும்போது விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்பது சரியான நீளம். முழங்காலை மூடி இறங்கும் கில்ட் எத்தனை விலை கொடுத்ததாயினும் பார்க்க நன்றாக இருக்காது, மலையேறவும் தடுக்கும்.

மலையில் இதன் பெரிய பலம், முட்டியைத் தடுக்க எதுவும் இல்லாதது. செங்குத்தான ஏற்றத்திலும் வேலி தாண்டும்போதும் கால் தாராளமாக எழும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். முகாம் தீயின் பொறி விழுந்தால் கருகுமே தவிர உருகாது. ஆனால் முழுதாக நனைந்தால் எடை ஏறி, விளிம்பு முட்டிக்குப் பின்னால் உரசித் தோலைப் புண்ணாக்கும். நாள் முழுக்க மழை என்று தெரிந்தால் பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலிவிஸ்கோஸில் தைத்த 5 கெஜ கில்ட் மேல். மெஷினில் துவைக்கலாம், சீக்கிரம் உலரும். அது வரவேற்பு விருந்துக்கு ஏற்றதல்ல. ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டின் பெரணிப் புதர்களில் உண்ணிகள் உண்டு, அவை லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியவை. நடை முடிந்ததும் முட்டியின் பின்புறத்தையும் தொடை இடுக்கையும் பார்த்தே ஆக வேண்டும். விழாவுக்குப் போடும், நாக்கில்லாத கில்லி ப்ரோக் காலணியை மலைக்குப் போடாதீர்கள். சாதாரண பூட்ஸும் மடித்துவிட்ட கம்பளிக் காலுறையும் போதும்.

அதே கில்ட்டை மாலை விருந்துக்கு மாற்றுவது மேலாடையும், இடுப்புக்கு முன்னால் தொங்கும் பையான ஸ்போரனும்தான். பகலில் ஆர்கைல் ஜாக்கெட், சாதாரண டை, வெறும் தோல் ஸ்போரன். இரவில் பிரின்ஸ் சார்லி ஜாக்கெட், மூன்று பொத்தான் வெயிஸ்ட்கோட், போ டை, ரோமம் வைத்த ஸ்போரன். வெயிஸ்ட்கோட் போட்டால் இடுப்புப் பெல்ட் வேண்டாம். ஸ்போரனின் மேல்விளிம்பு வெயிஸ்ட்கோட்டுக்கு ஒரு சாண் அல்ல, ஓர் உள்ளங்கை அகலம் கீழே தொங்க வேண்டும். கில்ட்டில் குத்தும் அலங்கார ஊசியை மேல் ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். சீல் தோல் ஸ்போரனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக முடியாது; 1972இன் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

எந்த டார்டனைக் கட்டுவது? பல டார்டன் வடிவங்கள் ஸ்காட்லாந்துக் குலங்களின் பெயரில் வழங்குகின்றன. குலப் பெயர் இல்லாதவர் கட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தடை இருந்தது உடைக்குத்தான்: 1746இன் சட்டம் ஹைலேண்ட் ஆண்களுக்கு அதை மறுத்தது, 1782இல்தான் விலக்கினார்கள். இன்று ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டில் வடிவங்களைத் தேடிப் பார்க்கலாம். இரண்டு வேலைக்கும் ஒரே கில்ட் என்றால் பிளாக் வாட்ச் போன்ற கருநீல, கரும்பச்சை டார்டனே நல்ல தேர்வு. சேறு தெரியாது, கறுப்பு ஜாக்கெட்டோடும் சேரும்.

சேறு பட்டால் ஈரத்தில் தேய்க்காமல் காயவிட்டு பிரஷால் தட்டுங்கள். நனைந்த கில்ட்டை ஹீட்டர் பக்கம் வைக்காமல் இடுப்பில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இஸ்திரிக்கு முன் கொசுவங்களைக் குறுக்கே நீளத் தையலால் ஓட்டி நிறுத்தி, ஈரத்துணி மேலே போட்டு அழுத்த வேண்டும். புதிதாக வரும் கில்ட்டிலும் அந்த வெள்ளை ஓட்டுநூல் இருக்கும். அதை உருவாமலே விழாவுக்கு வந்து நிற்பவர்கள் உண்டு.

கைத்தையலுக்கு வாரக்கணக்கில் ஆகும். கல்யாணத் தேதி முடிவானதுமே ஆர்டர் கொடுங்கள். கொடுக்கும்போது, ஏப்ரன் ஓரங்களில் உள்ளே கொஞ்சம் துணி மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். இடுப்பு பெருத்தால் பிரித்துவிட அதுதான் உதவும்.