எஸ்விஜியில் நிறக்கட்டங்கள்: நிரல் எழுதிப் பழகியவனின் அனுபவம்

பெங்களூரு அல்சூரில் அத்தைக்குப் புடவைக் கடை. புடவையின் எந்த உடல் நிறத்துக்கு எந்த பார்டர் எடுக்கும் என்று காட்டும் நிற அட்டைகளைச் சில வருஷமாகவே நான்தான் பைத்தான் நிரல்மொழியில் எழுதி எஸ்விஜி என்கிற படக்கோப்பாக எடுத்துக் கொடுக்கிறேன். வரிசைக்கு ஓர் உடல், பத்திக்கு ஒரு பார்டர், அரக்குக்கு மாம்பழ மஞ்சளா, மயில்கழுத்துக்கு வாடாமல்லியா என்று வாங்க வருபவர்கள் ஒரே பார்வையில் முடிவு செய்துவிடலாம்.

பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி எதுவும் வேண்டாம். எஸ்விஜி வெறும் எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் ஆன) எழுத்துதானே, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, கட்டத்துக்கு ஒரு ரெக்ட் (செவ்வகம்), அவ்வளவுதான். படத்தின் அளவுச் சட்டமான வியூபாக்ஸ் சரியாக இருந்தால் போனில் பார்த்தாலும் ஏ3 தாளில் அடித்தாலும் ஓரம் பிசிறாது. அத்தை திடீரென்று "கிளிப்பச்சையையும் சேருப்பா" என்றால் பட்டியலில் ஒரு வரி கூடும், மற்ற கட்டங்கள் தானாக நகர்ந்துகொள்ளும். இதையே மவுஸால் இழுத்து இழுத்துச் செய்கிறவர்கள் பெரிய பொறுமைசாலிகள்.

எரிச்சல்களும் உண்டு. ஒட்டி வைத்த கட்டங்களுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரியும். ஓரம் பிக்சலின் நடுவில் விழும்போது பிரவுசர் அதை மழுப்பிப் பின்னணியோடு கலந்துவிடுவதால் வருவது. எஸ்விஜியில் ஷேப்-ரெண்டரிங் என்கிற அமைப்பை கிரிஸ்ப்எட்ஜஸ் என்று வைத்தால் போய்விடும், ஆனால் சில கட்டங்கள் ஒரு பிக்சல் கூடக்குறைய நிற்கும். நான் ஒவ்வொரு கட்டத்தையும் அடுத்ததன் அடியில் கொஞ்சம் நீட்டிவிடுகிறேன்.

நிஜத் தலைவலி நிறம்தான். நிறத்தை டிகிரி, செறிவு, வெளிச்சம் என்று மூன்று எண்ணால் சொல்லும் ஹெச்எஸ்எல்லில் டிகிரியை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் அதே 50 சதவீதம் என்றாலும் 60 டிகிரி மஞ்சள் கண்ணைப் பறிக்கும், 240 டிகிரி நீலம் இருண்டு கிடக்கும். 2020இல் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்ட ஓகேலேப் என்கிற நிற முறை கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது, அதற்கு மாறியதும் வரிசைகள் ஒரே சீராக வந்தன. எல்லா மென்பொருளுக்கும் அது புரியாது என்பதால் கடைசியில் #ff0000 போன்ற ஹெக்ஸ் குறியீடாக மாற்றித்தான் எழுதுகிறேன்.

100 வரிசைக்கு 100 பத்தி என்று போனால் 10,000 ரெக்ட், ஃபைல் அரை எம்பியைத் தாண்டும். அதற்கு பிக்சல்களால் ஆன பிஎன்ஜி படமே மேல்.

அச்சில் கிளிப்பச்சை வாடித்தான் வரும், அச்சகத்தின் நான்கு நிற சிஎம்ஒய்கே மைக்கு அந்தப் பளிச்சு எட்டாது. அதனால் கட்டத்துக்குள் நிறத்தின் பெயரையும் தமிழில் போடுகிறேன். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பெட்டி பெட்டியாக வந்து நிற்கும், அனுப்பும் முன் இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பாத்தாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிடுங்கள்.