தொப்புள்கொடி ரத்த பேக்கேஜ்: காரைக்குடியில காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தங்கச்சிக்கு ஏழாம் மாசம், ஸ்கேன் எடுத்துட்டு வெளிய வரும்போதே ஃபைலோட தொப்புள்கொடி ரத்த வங்கி ஏஜென்ட் தம்பி ஒருத்தர் வந்து நின்னாரு. பிரசவத்தப்ப தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து மைனஸ் 196 டிகிரியில வச்சிருவோம், நாளைக்குப் புள்ளைக்கு என்ன நோய் வந்தாலும் அதுல உள்ள ஸ்டெம் செல் (வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) காப்பாத்தும், 65 ஆயிரம்தான், ஈஎம்ஐ உண்டுன்னாரு. தலைப்பிரசவம் அம்மா வீட்டுச் செலவுன்னு அவருக்கும் தெரியும் போல, மாப்பிள்ளைய விட்டுட்டு நேரா எங்க அப்பத்தாகிட்ட போய் "ஆச்சி, கொள்ளுப்பேரனுக்கு காப்பு, கொலுசு போடுறதவிட இது பெருசு"ன்னதும் அவுக கண்ணு கலங்கி, சுருக்குப்பையிலருந்து 5 ஆயிரம் அட்வான்ஸ் எடுத்துக் குடுத்துட்டாக.

நாலு நாள்ல கிட் வந்துச்சு. பை, ட்யூப், அடியில இங்கிலீஷ்ல 14 பக்கம் ஒப்பந்தம். வளவுல உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சேன், பொடி எழுத்துல "இந்த செல் சிகிச்சைக்குப் பயன்படும்னு உத்தரவாதம் இல்லை"ன்னு ஒரு வரி. தம்பி வாயில அது வரவே இல்ல.

அப்புறம்தான் டாக்டர்கிட்ட விசாரிச்சு, ஐசிஎம்ஆர்ங்குற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதலையும் எடுத்துப் படிச்சேன். சொந்த ரத்தம் சொந்தப் புள்ளைக்கே தேவைப்படுற வாய்ப்பு 2,500ல ஒண்ணுலருந்து 2 லட்சத்துல ஒண்ணு வரைக்கும்தானாம். தலசீமியா மாதிரி பரம்பரை ரத்த நோய்னா அதே கோளாறு அந்த ரத்தத்துலயும் இருக்கும், அதை வச்சு என்ன செய்ய? வீட்டுல ஏற்கெனவே ஒரு புள்ளைக்கு அப்படி நோய் இருந்து, அதுக்காக அடுத்துப் பொறக்குற புள்ளையோட கொடி ரத்தத்தை எடுத்து வைக்கிறது வேற விஷயம், அதுல அர்த்தம் இருக்கு, ஆனா அதை ரத்த நோய் டாக்டர் சொல்லணும், ஏஜென்ட் இல்ல. இன்னொண்ணு, கொடிய ஒரு நிமிஷமாவது கழிச்சு கட் பண்ணணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்த ரத்தம் புள்ள உடம்புக்குப் போகணும், பைய ரொப்பணும்னு அவசரப்பட்டா யாருக்கு நஷ்டம்?

"கருவைத் தொடலையே, எத்திக்ஸ் பிரச்சினையே இல்ல சார்"னாரு தம்பி. அமெரிக்காவுல சண்டை கருவை அழிச்சு ஸ்டெம் செல் எடுக்கலாமாங்குறதுலதான், 2001ல புஷ் கரு ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தை இறுக்குனாரு, 2009ல ஒபாமா தளர்த்துனாரு, நடுவுல 2004ல கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு 300 கோடி டாலர் ஒதுக்குனாங்க. கருவைத் தொடலைங்குறது சரிதான், ஆனா மாசமா இருக்கவள பயமுறுத்திக் காசு வாங்குறது மட்டும் எத்திக்ஸ்ல வராதா? நிஜமான ஸ்டெம் செல் ஆராய்ச்சி வேலூர் சிஎம்சி வளாகத்துல மத்திய அரசு பயோடெக்னாலஜி துறைப் பணத்துல நடக்குது, அதுக்கு இன்னும் நெறைய குடுக்கணும்ங்குறது என் கருத்து. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து சிக்ரிங்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊருக்காரன் நான், பொதுவுல போட்ட காசு ஊருக்கே எப்படி உதவும்னு தினமும் பாக்குறேன். லாக்கர்ல பூட்டி வச்ச பை யாருக்கும் உதவாது.

கேன்சல் பண்ணி அட்வான்ஸ் திரும்பி வர ரெண்டு மாசம், எத்தனை போன் போட்டேன்னு கணக்கில்ல. கிட் மட்டும் சொன்ன நாள்ல வந்துச்சு. 5க்கு 1 ஸ்டார்.

ரத்த ஸ்டெம் செல் தேவைப்படுறவங்களுக்குக் குடுக்கலாம்னு நான் சென்னை தாத்ரிங்குற டோனர் பதிவேட்டுல எலும்பு மஜ்ஜை டோனரா பதிஞ்சிட்டேன், பதியுறதுக்கு கன்னத்து உள்பக்கம் பஞ்சால தடவி எடுக்குறாங்க, அவ்வளவுதான். பொண்ணு பொறந்திருக்கா, கொடிய நிதானமாத்தான் வெட்டுனாக. திரும்பி வந்த 5 ஆயிரத்தோட கொஞ்சம் சேத்து அப்பத்தா கொலுசு வாங்கிப் போட்டுட்டாக.