கீழே எஃகு, மேலே பிளைவுட்: தரைத்தள வீட்டுக்குத் தேர்ந்தெடுத்த சமையலறை அலமாரிகள்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, சென்னை மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் தரைத்தள வீட்டின் சமையலறையில் அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பாத்திரம், அடுப்பு, மாவு அரைக்கும் கிரைண்டர் என மற்ற எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து மீட்டுவிட்டோம். மேடைக்குக் கீழே இருந்த அலமாரிகளை மட்டும் மீட்க முடியவில்லை. அடிப்பலகைகள் பாலில் நனைத்த ரஸ்க்கைப் போல உப்பி, ஓரங்கள் வெடித்து, கீல்களைப் பிடித்திருந்த திருகுகள் கையோடு கழன்று வந்தன. ஏழு ஆண்டுகளுக்கு முன் கணிசமான பணம் கொடுத்துப் பொருத்தியவை அவை. அதன் பிறகு சமையலறையைப் புதிதாக அமைக்க நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் தேர்ந்தெடுத்தோம், ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டில் அது எப்படி இருக்கிறது என்பதே இந்த விமர்சனம்.

பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். 'மாடுலர் கிச்சன், மெம்பிரேன் ஃபினிஷ்' என்றும், சதுர அடிக் கணக்கும், மொத்தத் தொகையும் இருந்தனவே தவிர, பெட்டி எந்தப் பலகையில் செய்யப்பட்டது என்று ஒரு சொல்கூட இல்லை. நாங்களும் கேட்கவில்லை, கதவின் நிறத்தை மட்டும் ஒரு வாரம் பேசி முடிவு செய்திருந்தோம். உடைத்துப் பார்த்தபோதுதான் அது பார்ட்டிகிள் போர்டு என்று தெரிந்தது. மரச் சில்லுகளைப் பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பிசினில் கலந்து அழுத்திச் செய்யும் பலகை அது. அந்தப் பிசின் தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் தாங்காது. உப்பிய சில்லுகளும் காய்ந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பா. புயல் வெள்ளம் வேண்டும் என்பதுகூட இல்லை. நாள்தோறும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வீட்டில், சிங்க்கின் கீழ் ஒரு குழாய் மூட்டு கசிந்தாலே போதும்.

ஆகவே இம்முறை ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனபோது, முதல் கேள்வியாகக் 'கார்கஸ்', அதாவது கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி, எதனால் ஆனது என்று கேட்டேன். எச்.டி.எச்.எம்.ஆர். என்றார்கள். மரநாரை அதிக அடர்த்தியில் அழுத்தி, ஈரத்தைத் தாங்கும்படி செய்த பலகை அது. பார்ட்டிகிள் போர்டைவிட மிகவும் மேலானது, திருகையும் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் ஈரத்தைத் தாங்குவது வேறு, தண்ணீரில் நிற்பது வேறு. இந்த வேறுபாட்டை விற்பனையாளர் தானாகச் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார். கணினியில் வரைந்து காட்டிய படம் அழகாக இருந்தது. விலைப்பட்டியலில் பெட்டியும் கதவும் ஒரு விலை, உள்ளே வரும் கூடைகளும், இழுப்பறைகள் ஓடும் சேனல்களும் தனி விலை, மொத்தத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று இருந்ததால், முதலில் சொன்ன தொகைக்கும் கடைசித் தொகைக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தது. நல்ல சேவைதான், ஆனால் எங்கள் வீட்டுக்கு உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வேலை செய்திருக்கும் ஆசாரியிடம் பேசினோம். அவர் மரைன் பிளைவுட் என்று உறுதியாகச் சொன்னார். கடைகளில் 'வாட்டர் புரூஃப்' என்று பொதுவாகச் சொல்லி விற்பதை நம்பாமல், பலகையின் மீது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண்ணின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. ஐ.எஸ். 303 முத்திரையோடு எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு தாங்கும் வகை) என்று அச்சிட்டு வருவது உட்புற மேசை நாற்காலிகளுக்குச் சரி, சிங்க்கின் அடியில் வைப்பதற்கு உரியதன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழே வரும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும்; பலகைகள் வண்டியிலிருந்து இறங்கிய அன்றே அப்படிச் சரிபார்த்தேன். மரைன் பிளைவுட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. அதில் பயன்படும் பீனால் பார்மால்டிஹைடு பிசின் நிலையானது, ஆதலால் பார்மால்டிஹைடு வாயு மிகக் குறைவாகவே வெளிவரும். அந்த வாயுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வகைப்படுத்தியது. பழைய அலமாரிகள் வந்த புதிதில், கதவைத் திறக்கும்போதெல்லாம் அம்மாவுக்குக் கண் எரிந்ததை நாங்கள் பெயின்ட் வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிளைவுட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எவ்வளவு நல்ல பிளைவுட்டானாலும், அறுத்த ஓரமும் திருகு போட்ட துளையும் தண்ணீருக்குத் திறந்த வாசல்கள். மேலும் எங்கள் பகுதியில் கறையான் தொல்லை உண்டு. எனவே துருப்பிடிக்காத எஃகில் பெட்டி செய்து தரும் சிறிய பட்டறை ஒன்றைத் தேடிப் போனோம். எஃகு என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். 304 வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, உப்பும் ஈரமும் பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எஃகு என்று பலரும் நம்புகிறார்கள். இந்த இரண்டு வகையிலுமே காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. பட்டறைக்காரர் தகட்டின் மீது சோதனைத் திரவத்தை ஒரு துளி விட்டு, சிறிய பேட்டரியின் முனைகளை வைத்துக் காட்டினார். 202 தகட்டில் துளி சிவந்தது. எங்களுக்கென்று எடுத்துவைத்த தகட்டில் சிவக்கவில்லை. கேட்காமலேயே அதைச் செய்து காட்டினார் என்பதற்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகைகளையும், பிளாஸ்டிக்கால் ஆன பி.வி.சி. பலகைகளையும் பார்த்தோம். தண்ணீருக்கும் கறையானுக்கும் அவை அஞ்சுவதில்லை. ஆனால் நீளமான தட்டில் கனம் ஏற்றினால் நடுவில் தொய்கின்றன, அடுப்பை ஒட்டிய இடத்துக்கும் ஏற்றவையல்ல.

கடைசியில் மேடைக்குக் கீழே உள்ள பெட்டிகள் அனைத்தையும் 304 எஃகிலும், மேலே சுவரில் மாட்டும் பெட்டிகளை ஐ.எஸ். 710 பிளைவுட்டில் லாமினேட் ஒட்டியும் செய்தோம். சமையலறை முழுவதும் ஒரே பொருளில்தான் இருக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் பேசுவது அவர்கள் வசதிக்காக. கீழ்ப்பெட்டிக்கு வரும் ஆபத்து தரையிலிருந்து வரும் தண்ணீரும், அரிசி மூட்டையின் கனமும், சுவர் வழியே ஏறும் கறையானும். மேல்பெட்டிக்கு வருவது தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டுமே. எல்லாவற்றையும் எஃகில் செய்யக் கேட்ட தொகை எங்களால் தாங்கக்கூடியதாக இல்லை. கீழ்ப்பகுதிக்கு மட்டும் என்றபோது, பிளைவுட்டுக்குக் கேட்டதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கில் முடிந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் பொருந்துமா என்று தயங்கினேன். கீழே மங்கிய எஃகும் மேலே வெளிர் சாம்பல் லாமினேட்டும் கண்ணை உறுத்தவில்லை.

அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒருமுறை கல் பதித்துவிட்டால் அதை மாற்ற முடியாது. அம்மாவின் உயரம் 5 அடி. ஷோரூமில் 34 அங்குல மேடையே வழக்கம் என்றார்கள். அந்த உயரத்தில் நின்று காய் நறுக்கச் சொன்னபோது, அம்மாவின் தோள்கள் தூக்கிக்கொண்டே இருந்தன. எனவே 4 அங்குலக் கால், 27 அங்குலப் பெட்டி, அதன் மேல் கிரானைட் என்று மொத்தம் 32 அங்குலத்துக்குள் நிறுத்தினோம். இதற்கு ஒரு விலை உண்டு. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் கல்லின் அடியில் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர் இடம் வேண்டும், எங்களிடம் 79தான் இருக்கிறது. எதிர்காலத்தில் அது வாங்கினால் பின்கட்டில்தான் வைக்க வேண்டும். கால்களை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையைத் திருகாமல், இழுத்தால் கழன்று வரும்படி கவ்வியில் மாட்டச் சொன்னோம். இந்த அலமாரிகளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் எது என்று கேட்டால், இந்தக் கழற்றும் பட்டையைத்தான் சொல்வேன்.

கீழ்ப்பெட்டிகளில் கதவுகளைக் குறைத்து இழுப்பறைகளாக்கியது முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரிய உதவி. குனிந்து உள்ளே தேட வேண்டியதில்லை, பொருள் நம்மிடம் வருகிறது. சேனல் வாங்கும்போது அது தாங்கும் எடையைப் பார்த்து வாங்க வேண்டும். கரண்டி வைக்கும் இழுப்பறைக்கு 30 கிலோ போதும், அரிசி டின் வைக்கும் இழுப்பறைக்கு 50 கிலோ வகை போட்டோம். ஹெட்டிச் நிறுவனத்தின் மெதுவாக மூடும் கீல்களும் சேனல்களும் இதுவரை ஒருமுறைகூடச் சிக்கவில்லை. எரிவாயு சிலிண்டர் வைக்கும் பெட்டியின் கதவிலும் ஸ்கர்ட்டிங்கிலும் கீழ் ஓரமாகக் காற்றுத் துளைகள் இட்டிருக்கிறோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். துளையில்லாமல் அடைத்த சிலிண்டர் அலமாரியை எந்தக் கடை காட்டினாலும் தயவுசெய்து ஏற்க வேண்டாம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் மழையில், மூன்று விரல் அளவுக்குத் தண்ணீர் மீண்டும் சமையலறைக்குள் வந்தது. வடிந்ததும் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, அடியில் துடைப்பம் விட்டுக் கழுவி, மின்விசிறியைத் தரையில் வைத்துக் காயவைத்தோம். மறுநாள் மாலை பட்டையை மாட்டியபோது பெட்டிகளில் எந்த மாற்றமும் இல்லை. அம்மா ஒவ்வோர் இழுப்பறையாக இழுத்துப் பார்த்தார்.

குறைகளும் இருக்கின்றன. எஃகுத் தட்டில் பாத்திரம் வைத்தால் வீடெல்லாம் கேட்கிறது, ரப்பர் விரிப்பு போட்ட பிறகே தணிந்தது. குக்கர் இடித்த இடத்தில் ஒரு கதவு நெளிந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியாது, கதவையே மாற்ற வேண்டும். விரல் தடம் தினமும் தெரிகிறது. மேலே, சிம்னியை ஒட்டிய பெட்டியில் ஆசாரி கையால் ஒட்டிய பி.வி.சி. ஓரப்பட்டை ஓராண்டிலேயே வெப்பத்தில் பிரிந்துவிட்டது. தொழிற்சாலையில் இயந்திரத்தால் சூடாக ஒட்டும் ஓரப்பட்டை இதைவிட நிச்சயம் மேலானது. அந்த ஒரு விஷயத்தில் ஷோரூம் வேலையே சிறந்தது என்று சொல்வேன்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் எஃகுக்கு இவ்வளவு செலவிடத் தேவையில்லை. அவர்கள் முழுவதையும் ஐ.எஸ். 710 பிளைவுட்டில் செய்து, சிங்க்கின் அடிப்பெட்டியை மட்டும் எஃகில் செய்துகொண்டால் போதும். தண்ணீர் ஏறும் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் எங்கள் ஏற்பாட்டைப் பரிந்துரைக்கிறேன். அவர்கள் விலை பேசும் முன், பெட்டியின் பொருள், அதன் தர எண், எஃகின் வகை, சேனல் தாங்கும் எடை ஆகிய நான்கையும் பில்லில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.